மெத்தையைப் பார்த்துச் சிரித்தவர்கள்

கூட்டம் வரைவது யாருக்கும் பிடிக்காத வேலை. நடுவில் நிற்கும் பெரிய மனிதரை வரைய எல்லோரும் முந்துவார்கள். அவருடைய தொந்தி, பதக்கங்கள், காலடியில் குனிந்து கிடக்கும் அமைச்சர்கள், இதையெல்லாம் ஆசை ஆசையாக வரைவார்கள். பின்னால் நிற்கும் நாற்பது பேர் என்று வந்தால் உடனே கைவலி வந்துவிடும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வரைகிறவர் கூட்டம் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் முட்டை முட்டையாகப் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்த முட்டைகளுக்குக் கண், மூக்கு, வாய் வைப்பது, அந்தப் படத்தைச் செப்புத் தகட்டில் வெட்டுகிறவனின் பொறுப்பு. நான் வெட்டுகிறவன். முப்பத்தெட்டு வருடம் வெட்டினேன்.

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. பழைய கேலிப் படங்களுக்குக் கண்காட்சி வைக்கப்போவதாகவும், 'மெத்தைப் படங்கள்' ஆறும் பழைய போலீஸ் கட்டுகளிலிருந்து கிடைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவை எல்லாம் எரிக்கப்பட்டுவிட்டன என்றுதான் முப்பத்தொரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் உள்ள முகங்கள் கற்பனையா, அல்லது அன்று வாழ்ந்த மனிதர்களுடையவையா என்று கேட்டிருந்தீர்கள். சில முகங்களைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் இருக்கிறதே, அதைப் போட்டது யார் என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த முகங்களைப் பெரிதாக்கி, 'அஞ்சாமல் சிரித்தவர்கள்' என்று தலைப்பு வைத்து ஒரு சுவர் முழுக்க மாட்டப்போவதாக வேறு எழுதியிருந்தீர்கள்.

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஐந்தாவது படத்தையும் ஆறாவது படத்தையும் மாட்ட வேண்டாம். என் மகள் திறப்பு விழாவுக்கு வரப்போகிறாள். நீங்கள் அனுப்பிய அழைப்பிதழை அலமாரிக் கண்ணாடியின் சட்டத்தில் செருகி வைத்திருக்கிறாள். உடுத்திக்கொள்ள வேண்டியதை இப்போதே தேய்த்து மடித்து வைத்துவிட்டாள். அந்தப் படங்களை அவள் அச்சில் ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது. காரணம் சொல்லாமல் கேட்டால் கிழவன் ஏதோ உளறுகிறான் என்று விட்டுவிடுவீர்கள். அதனால் காரணத்தைச் சொல்கிறேன்.

அப்போது நாட்டை ஆண்ட தலைவரைப் பற்றி உங்கள் வயதுக்காரர்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சபையில் உட்கார்ந்தபடியே தூங்குவார். அவர் குறட்டை விட்டால் அது சம்மதம் என்று குறித்துக்கொள்வார்கள். அவர் முகத்தை அரசாங்க ஓவியர் ஒருவரைத் தவிர வேறு யாரும் வரையக்கூடாது என்று சட்டம் இருந்தது. வரைந்தால் தூக்கு. ஜாடை தெரிந்தாலும் தூக்கு. ஆகவே என் மகள் முகமே இல்லாத ஒரு மெத்தையை வரைந்தாள். கொழுத்த மெத்தை. பட்டை பட்டையாகச் சிவப்புக் கோடு. தையல் பிரிந்து பஞ்சு பிதுங்கிக்கொண்டிருக்கும். இடுப்பில் ஒரு பட்டுக் கச்சை, அதில் பதினேழு பதக்கம். மேலே அமைச்சர்கள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். சட்டப்படி அது மெத்தை.

ஆமாம், வரைந்தது என் மகள்தான். உங்கள் பட்டியலில் 'வரைந்தவர் தெரியவில்லை' என்று இருக்கிறது. இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. தாயில்லாமல் என் மேஜைக்கு எதிர் மேஜையில் வளர்ந்த பெண் அவள். பதினோரு வயதிலேயே நான் ஒரு வாரம் உழைத்து வெட்டும் முகத்தை மூன்று கோட்டில் கொண்டுவந்துவிடுவாள். எனக்கு அந்தக் கை வாய்க்கவில்லை. எனக்கு வாய்த்தது பிறர் கோட்டைப் பிசகாமல் வெட்டும் கை.

முதல் படம் படம் விற்கும் கடையின் கண்ணாடியில் தொங்கிய அன்று தெருவில் வண்டி போக முடியவில்லை. மூன்றே நாளில் ஊர் முழுக்கத் தலைவருக்கு 'மெத்தை' என்று பெயர் வந்துவிட்டது. மெத்தை விற்கும் கடைக்காரர்கள் பயந்துபோய்ப் பலகையில் 'படுக்கை விரிப்பு' என்று மாற்றி எழுதிக்கொண்டார்கள்.

நாங்கள் கவனமாகவே இருந்தோம். அவள் வரைவாள், நான் வெட்டுவேன், வரைந்த தாள் அடுப்புக்குப் போகும். தகட்டைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்து அச்சுக்கூடத்துக்கு எடுத்துப் போவேன். அச்சானவை இரவோடு இரவாகப் படக்கடை வாசலில் போய் விழும், எங்கே அச்சானது என்று கடைக்காரருக்கே தெரியாது. அச்சான படம் ஒன்றுகூட வீட்டுக்குள் வராது. அந்தக் கடைத் தெருப் பக்கமே அவள் போகக்கூடாது என்பது என் கட்டளை. அவளும் மீறவில்லை. முட்டைகளை வரைந்து கொடுத்தவளுக்கு அவற்றில் நான் யாரை உட்காரவைத்தேன் என்பது தெரியாமல் போனது இப்படித்தான்.

முதல் படத்தில் நடந்தது தற்செயல், அதை நீங்கள் நம்ப வேண்டும். சிரிக்கும் முகம் ஒன்று தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்த நல்ல சிரிப்பு எங்கள் தெரு ரொட்டிக்கடைக்காரருடையது. சிரித்தால் அவருக்குக் கண் இரண்டும் காணாமல் போய்விடும். முன்வரிசையில் வைத்தேன். நாலாம் நாள் அவரைப் பிடித்துப் போனார்கள்.

வழக்கு நடந்தபோது நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். படத்தில் இருப்பது வெறும் மெத்தை, அதில் குற்றம் எதுவும் இல்லை என்று அரசாங்க வக்கீலே ஒப்புக்கொண்டார். ஆனால் வெறும் மெத்தையைப் பார்த்து ஒருவர் ஏன் சிரிக்க வேண்டும், அப்படியானால் அவர் மனதில் வேறு யாரோ இருக்கிறார் என்றார். படத்தில் இருப்பது தான் இல்லை என்று ரொட்டிக்கடைக்காரர் சொன்னார். அப்படியானால் சிரித்துக் காட்டு என்றார் நீதிபதி. முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவை, பயத்தில், சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். கண் இரண்டும் மறைந்தது. ஐந்து வருடம், கல்லுடைக்கும் சிறை. அந்தப் படத்தில் உள்ள சிவப்பு வட்டம் அன்று நீதிமன்றத்தில் போட்டது.

"கடை முன்னால நின்னு சிரிச்சாராம்பா, பிடிச்சிட்டாங்களாம்" என்று மகள் சொன்னாள். அவளுக்கு ரொட்டிக்கடைக்காரரைப் பிடிக்கும். நான் அவளைத் திருத்தவில்லை. அவர் கடை முன்னால் நின்றும் சிரித்திருக்கக் கூடியவர்தான்.

இரண்டாவது படத்தில் நான் பயந்து வெட்டினேன். ஒருவர் மூக்கு, இன்னொருவர் தாடை, மூன்றாமவர் காது என்று கலந்து, யாருடையதும் இல்லாத நாற்பது முகங்கள். அந்தப் படத்தில் ஒரு வட்டம்கூட இல்லை, கவனித்திருப்பீர்கள். அதுதான் வினையாகிவிட்டது. பிடிக்க ஆள் இல்லாமல் போனதால் போலீஸ்காரர்கள் வரைந்தவரைத் தேட ஆரம்பித்தார்கள். ஆள் கிடைத்தால், மெத்தையில் இருப்பது யார் ஜாடை என்று அவர் வாயாலேயே சொல்லவைத்துத் தூக்கில் போட்டுவிடலாம். ஊரில் பென்சில் பிடிக்கத் தெரிந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனார்கள். ஒரு காலை எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள்.

வந்த இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். வாசலில் காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். அவருக்குச் சளி பிடித்திருந்தது.

"பெரியவரே, பயப்படாதீங்க. எல்லா வீட்டுலயும் கேக்கறதுதான். இந்தத் தாள்ல ஒரு மெத்தை போடுங்க."

போட்டேன். என் மெத்தை கோணிமூட்டை மாதிரி வந்தது. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"பொண்ணும் போடட்டும்."

"அவளுக்கு வரைய வராதுங்க. வீட்டு வேலையோட சரி."

"வராதவங்க எப்படிப் போடுவாங்கன்னும் பாக்கணும் இல்லையா?"

அவள் பென்சிலை இடது கையில் வாங்கிக்கொண்டாள். சின்னக் குழந்தை போடுவது போல ஒரு கோணல் சதுரம் போட்டு, நாலு கோடு இழுத்தாள். இன்ஸ்பெக்டர் தாளைப் பார்க்கவில்லை. அவள் மடியில் வைத்திருந்த வலது கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பு ஒட்டியிருந்தது.

"அடுப்புக் கரிங்க" என்றேன்.

"அடுப்புக் கரி இவ்வளவு பளபளன்னா இருக்கும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். இரண்டு தாளையும் மடித்துப் பையில் வைத்தார். வாசலில் தொப்பியைப் போடும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "நானும் பிள்ளைகுட்டிக்காரன்தான் பெரியவரே. மேலிடத்துல ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஆளைக் காட்டுன்னு கழுத்தைப் பிடிக்கறாங்க. முதல் படத்துக்கு ரொட்டிக்காரர் இருந்தாரு. ஆளு கிடைச்சா நான் ஏன் இப்படி மூக்கை ஒழுகவிட்டுக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்கறேன்?"

அவர் என்னிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர்மேல் பழி போடுவது நியாயமில்லை.

அவர்கள் போனபின் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தேன். இருபத்துநாலு வயதுப் பெண்ணின் கழுத்தை நினைத்துக்கொண்டே எடுத்தேன். அந்த வாரம் முழுக்க அவள் தலையைக் குனிந்து சாப்பிடும்போது பின்கழுத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விடுவேன். பயம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உங்களுக்கும் பெற்றவர்கள் இருப்பார்கள்.

"நிறுத்திடறேன்பா" என்றாள் அவள். "இனிமே வரையல."

"இந்த வாரம்தான் வந்துட்டுப் போனான். இந்த வாரமே படம் நின்னா அவன் என்ன நினைப்பான்? நம்ம வீட்டுக்கு வந்ததாலதான் நின்னுதுன்னு ஒரு முட்டாளுக்கும் தெரியும் கண்ணு."

அவள் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். அது நியாயமான பேச்சுதான். இன்றுவரை அதில் எனக்குப் பிழை தெரியவில்லை.

மூன்றாவது படத்துக்கு அவள் முட்டைகளைப் போட்டுக் கொடுத்தாள். நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து யாரை வைப்பது என்று யோசித்தேன். கண்ட கண்டவரை வைக்கும் ஆள் நான் இல்லை. இழப்பு குறைவாக இருக்க வேண்டும் என்று பார்த்தேன். பாலத்துக்குப் பக்கத்தில் குடை ரிப்பேர் செய்யும் ஒருவர் இருந்தார். தனிக்கட்டை. வயதும் ஆகிவிட்டது. இருமல் வேறு. வெளியே இருந்தாலும் இன்னும் இரண்டு குளிர்காலம் தாங்குவாரா என்பது சந்தேகம். இடது கன்னத்தில் மூக்கை ஒட்டி மிளகளவு மரு. அடையாளம் தப்பவே தப்பாது என்று அவரை வெட்டினேன்.

அதில்தான் ஒரு தவறு செய்துவிட்டேன். தகட்டில் வலப்பக்கம் வெட்டுவது தாளில் இடப்பக்கம் விழும். இது எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது. வரைந்த படத்தை வெட்டும்போது தாளைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுப்போம், அதனால் பிசகாது. ஆனால் கூட்டத்து முகங்களை எப்போதும் மனதிலிருந்து நேரே வெட்டித்தான் எனக்குப் பழக்கம். யாருமில்லாத முகத்துக்கு இடம் என்ன, வலம் என்ன? குடைக்காரரை மனதில் பார்த்தபடியே வெட்டிவிட்டேன். அச்சில் மரு வலது கன்னத்தில் விழுந்தது.

வலது கன்னத்தில் மரு உள்ள ஒருவர் நாலு தெரு தள்ளி இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார், மூன்று குழந்தைகள். பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வகுப்பிலிருந்து அவரைக் கூட்டிப் போனார்கள். நீதிமன்றத்தில் அவரும் சிரித்துக் காட்டினார். சிரிப்பு பொருந்தவேயில்லை, ஆனால் மரு பொருந்தியது. அவர் மனைவி குழந்தைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டு காவல் நிலையத்து வாசலில் நின்றதைப் பார்த்தேன். மனது மிகவும் கஷ்டப்பட்டது. அதே வாரம் குடைக்காரர் எங்கள் வீட்டுக் குடைக்குக் கம்பி மாற்றிக் கொடுத்தார். நன்றாகவே மாற்றியிருந்தார்.

அதற்குப் பிறகு மேஜைமேல் ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொண்டேன். முகத்தை முதலில் தாளில் போட்டு, அதைக் கண்ணாடியில் பார்த்துத்தான் வெட்டுவது. தவறு ஒரு தடவைதான் வரலாம்.

இன்ஸ்பெக்டர் மறுபடி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தெருவில் ஒருமுறை எதிர்ப்பட்டபோது சளி குணமாகிவிட்டது என்று சொன்னார்.

நாலாவது படத்தில் இரண்டு வட்டம் பார்த்திருப்பீர்கள். ஒன்று குடைக்காரர், இந்த முறை மரு சரியான கன்னத்தில். இன்னொன்று எங்கள் மாடி வீட்டுக்காரர். செப்புத் தகட்டை அரிக்கும் அமிலத்தின் நாற்றம் மேலே வருகிறது, காலை முழுக்கத் தட்டல் கேட்கிறது என்று பார்க்கிறவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர். அவரே ஒருநாள் போலீசில் போய் உளறி வைத்தால் என் மகள் கதி என்ன என்று யோசித்துத்தான் செய்தேன். அவரைக் கொண்டுபோன அன்று அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து அழுதார். என் மகள் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னேன்.

இந்தச் சமயத்தில் கடை முன்னால் சிரிப்பதை ஜனங்கள் விட்டுவிட்டார்கள். இழவு வீட்டில் நிற்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படத்தைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு முனை திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிலர் மீசையை எடுத்தார்கள், சிலர் வைத்துக்கொண்டார்கள். "யாரு வெட்டறான்னு தெரியல, உயிர் இருக்குய்யா அந்த மூஞ்சிங்கள்ல" என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். முப்பது வருடத்தில் என் வேலையைப் பற்றி ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இதையும் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மகள் உருகிப்போய்விட்டாள். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள்.

"என் படத்தைப் பாத்துச் சிரிச்சதுக்குத்தானே அப்பா, இத்தனை பேரும் உள்ள இருக்காங்க. நான்தான் வரைஞ்சேன்னு போய்ச் சொல்லிட்டா அவங்கள விட்டுருவாங்களா?"

"விடமாட்டாங்க. உன்னைத் தூக்குல போட்டுட்டு அவங்களையும் உள்ளயே வெச்சிருப்பாங்க."

அது உண்மையும்கூட. ஆனால் அவள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு சொல் காதில் விழுந்தால் நேரே நடந்து போய்விடுவாள் என்று தெரிந்துவிட்டது.

அந்தச் சொல்லை வைத்திருந்தவன் வண்ணக்காரன். அச்சுக்கூடத்தில் ஒரு நீள மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வண்ணமாகப் படங்களுக்குப் பூசுவார்கள். இவனுக்குச் சிவப்பு. மெத்தையின் பட்டைக் கோடுகள் அவன் கையால் வந்தவை. எனக்கு முழங்கால் வலிக்கும் நாட்களில் தகட்டை வாங்கிப்போக வீட்டுக்கு வருவான். வந்தால் சீக்கிரம் போகமாட்டான். மகளும் அன்றைக்குத் தலையைச் சீராக வாரியிருப்பாள். எனக்குத் தெரியாமல் இல்லை.

ஒருநாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, மூணாவது படத்துல குடைக்காரர் மூஞ்சி திரும்பி விழுந்திருக்கு."

நான் தகடு வெட்டும் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அதனாலதான் வாத்தியார் போனாரு. நாலாவதுல சரியா விழுந்திருக்கு. கண்ணாடி வெச்சு வெட்டியிருக்கீங்க." மேஜைமேல் இருந்த கைக்கண்ணாடியைப் பார்த்தான். "திரும்பி விழுந்ததோட விட்டிருந்தா ஏதோ தெரியாம நடந்ததுன்னு நானே நெனச்சிருப்பேன். திருத்தினீங்க பாருங்க, அதுலதான் புரிஞ்சுது."

தொழில் தெரிந்தவன் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. எனக்கு அவன்மேல் ஒரு மதிப்பே வந்தது.

"யாருக்காகச் செஞ்சீங்கன்னு தெரியும்யா. ஆனா இனிமே ஒருத்தர்கூட வேணாம். நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்கறேன். அதுக்கப்புறம் நான் சொல்ல வேண்டியிருக்கும்."

அவன் சொன்னால் அவள் அந்த நிமிடமே போலீசுக்குப் போவாள். கையிலிருந்தது ஆறு நாள். ஐந்தாவது படம் முட்டைகளோடு தயாராக இருந்தது. இரண்டு நாளில் வெட்டி முடித்தேன். அவன் முகம் நல்ல முகம், வெட்டுவதற்குச் சுலபமாக இருந்தது. மேல் உதட்டில் ஒரு சின்னத் தழும்பு, அதைக் கண்ணாடியில் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

படம் வண்ண மேஜைக்குப் போனால் அவன் பார்த்துவிடுவான். ஆகவே அச்சுக்கூடக்காரரிடம், "நாடே இருண்டு கிடக்கு, இந்தப் படம் கறுப்பாவே போகட்டுமே" என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்க் கண் கலங்கிவிட்டது. ஐந்தாவது படத்தில் வண்ணத்தைத் தவிர்த்தது துணிச்சலான கலை முடிவு என்று உங்கள் கடிதத்தில் பாராட்டியிருந்தீர்கள். அதற்குக் காரணம் இதுதான்.

சனிக்கிழமை மதியம், கையில் சிவப்புத் தூரிகையோடு இருந்தவனைப் பிடித்தார்கள்.

நீதிமன்றத்துக்கு நானும் போனேன். மகளும் வந்தாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. படத்தை நீதிபதி தன் கையிலேயே வைத்திருந்தார், கடைசி வரிசையிலிருந்து அவளுக்குத் தெரியவில்லை. அரசாங்க வக்கீலும் அவனை 'மெத்தையைப் பார்த்துச் சிரித்தவன்' என்று மட்டும்தான் சொன்னார். சிரித்துக் காட்டச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. வாயை இறுக்கமாக மூடிக்கொண்டு நின்றான். சிரித்ததற்கு ஐந்து வருடமும், சிரிக்க மறுத்ததற்கு இரண்டு வருடமும் கொடுத்தார்கள். வெளியே கொண்டுபோகும்போது என்னைத் தேடிப் பார்த்தான். எல்லாவற்றையும் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னைப் பிடிப்பார்கள், என் வீட்டைச் சோதிப்பார்கள், கடைசியில் அவளிடம் வந்து நிற்பார்கள். அதனால் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றும் விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே எண்ணம்தான் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மகள் பென்சில்களையும் தாள்களையும் அன்றே அடுப்பில் போட்டாள். அதற்குப் பிறகு அவள் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. வாரம் ஒருமுறை ரொட்டியும் கம்பளித் துணியும் எடுத்துக்கொண்டு சிறை வாசலுக்கு நடந்து போவாள். உள்ளே விடமாட்டார்கள். எடுத்துப்போனதை எடுத்தபடியே கொண்டுவருவாள். மெத்தைப் படம் நின்றுபோனது. போலீஸ் தேடுவதை விட்டது. வீட்டில் ஆபத்து என்று எதுவும் இல்லை.

எட்டு மாதம் கழித்துத் தலைவருக்கு அறுபது வயது ஆயிற்று. அதை முன்னிட்டுச் சிரித்த குற்றத்துக்காக உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் மன்னிப்பு என்று அறிவித்தார்கள். பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். மகள் தெருவிலிருந்து ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"அப்பா, அவர் பேரும் இருக்குப்பா. வர்றாருப்பா. இன்னும் பதினெட்டு நாள்தான்."

எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஜன்னல் திரைகளை எல்லாம் கழற்றித் துவைக்கப் போட்டாள். நான் அவளோடு சேர்ந்து அவற்றைப் பிழிந்து கொடுத்தேன்.

ஆறாவது படத்தை நான் வரைந்தேன். மெத்தையில் உயிரில்லை, கோணிமூட்டை போல இருக்கிறது, உங்களுக்கே தெரிந்திருக்கும். வரைவது எனக்கு வராது என்று முன்பே சொன்னேன். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தை மட்டும் கவனமாகச் செய்தேன். வாயை நன்றாகத் திறந்து சிரிக்கிற முகம், மேல் உதட்டில் தழும்பு. மற்ற முட்டைகளை அப்படியே விட்டுவிட்டேன். படம் வெளியானதற்கு மறுநாள், சிறைக்குள்ளிருந்தும் சிரிக்கிறான் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த வாரம் எங்கள் வீட்டுக்குள் பத்திரிகை வராமல் பார்த்துக்கொண்டேன். பட்டியலில் அவன் பெயரை மட்டும் அடித்தார்கள். அடித்துவிட்டார்கள் என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. என்னாலும் சொல்ல முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சிறை வாசலில் நின்றோம். ரொட்டிக்கடைக்காரர் வந்தார், பல் ஒன்றுகூட இல்லை. வாத்தியார் வந்தார், அவருடைய கடைசிக் குழந்தைக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. மாடி வீட்டுக்காரர் வந்தார். குடைக்காரர் உள்ளேயே இறந்துபோயிருந்தார். எல்லோரும் போனபின்பும் மகள் நின்றாள். கதவைச் சாத்தினபின்பும் நின்றாள். கையைப் பிடித்து நான்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவன் அடுத்த வருடம் கல் தூசியில் நெஞ்சு கெட்டு இறந்தான். செய்தி வந்த அன்றும் நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தைந்து. அதே வீட்டில்தான் இருக்கிறோம். துணி தைத்துக் கொடுக்கிறாள். எனக்குக் கண் மங்கிவிட்டதால் காலையில் பத்திரிகையைப் படித்துக் காட்டுவாள். மருந்தை நேரத்துக்குத் தருவாள். நான் இதை எழுதும்போதுகூடப் பக்கத்து அறையில் தையல் இயந்திரச் சத்தம் கேட்கிறது. என்ன எழுதுகிறீர்கள் என்று இரண்டு முறை வந்து கேட்டாள். கண்காட்சிக்காக என்று சொன்னேன்.

முதல் நாலு படங்களையும் தாராளமாக மாட்டுங்கள். மாடி வீட்டுக்காரரை அவள் அடையாளம் கண்டுகொண்டால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்வேன். ஐந்தையும் ஆறையும் மட்டும் வேண்டாம். உங்கள் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எண்பத்திரண்டு வயது, அவளை விட்டால் யாரும் இல்லை. ஐந்து பேரை நான் அனுப்பினேன். ரொட்டிக்கடைக்காரரைத் தவிர மற்ற நால்வரையும் தெரிந்தே அனுப்பினேன். வாத்தியார் தவறுதலாகப் போனவர், ஆனாலும் அவரையும் சேர்த்துக்கொள்கிறேன். வண்ணக்காரனை இரண்டு முறை அனுப்பினேன். எல்லாம் அவள் கழுத்தைக் காப்பாற்றுவதற்காக.

ஒன்று விட்டுப்போயிற்று. முழுதாகச் சொல்ல வேண்டும் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். வண்ணக்காரன் அன்று வந்தபோது சட்டைப் பையிலிருந்து எல்லை தாண்டிப் போவதற்கான அனுமதிச் சீட்டு இரண்டை எடுத்துக் காட்டினான். அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, திங்கட்கிழமை ரயிலுக்கு. அவன் அக்கா அங்கே இருக்கிறாளாம். அங்கே ஒரு பத்திரிகை அவள் படங்களை அவள் பெயரைப் போட்டே வெளியிடத் தயாராக இருக்கிறதாம். "அங்க போயிட்டா அவளை யாராலயும் தொட முடியாதுங்க. நீங்க மட்டும் கொஞ்ச காலம் தனியா இருக்கணும்" என்றான். அதையும் நான் நன்றாக யோசித்துப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். அந்த நாட்டில் வருடத்தில் எட்டு மாதம் பனி கொட்டும், என் மகளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது.